கேசட் பில்லில் பச்சைக் கையெழுத்து

தொம்மலூர் விஜய்குமாரை நேரில் பார்த்திராதவர்களுக்குக்கூட அவன் பெயர் தெரிந்திருக்கும். அவன் எடுத்த கல்யாணக் கேசட் ஒன்றைப் பார்த்திருந்தால் போதும். மணமக்கள் பெயர் திரையில் ஒரு தடவை வரும். 'விஜய் வீடியோஸ் விஜய்குமார்' என்பது மூன்று தடவை வரும். முதலில் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கும். தாலி கட்டி முடிந்து பந்தி ஆரம்பிக்கிற இடத்தில் எழுத்தெழுத்தாக மேலிருந்து விழும். கடைசியில், பெண்ணின் அம்மா அழுதுகொண்டிருக்கும்போதே, அவள் முகத்துக்கு மேலாக ஃபோன் நம்பரோடு ஊர்ந்து போகும். "அந்தம்மா மூஞ்சே தெரியலையேப்பா" என்று யாராவது குறைப்பட்டால், "நம்பர் தெரியுதில்ல?" என்பான். அப்படி ஒரு ஜென்மம். யாரோ கட்டிவிட்ட கதை இல்லை இது, அவனே இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறான்.

கோலார் தங்கவயலில், அதாவது கேஜிஎஃப்பில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். தொண்ணூற்றொன்றில் பெங்களூருக்கு வந்து, சிவாஜிநகர் ஸ்டூடியோ ஒன்றில் ஃபோட்டோக்களுக்கு ஓரம் வெட்டி, பிறகு தோளில் சுமக்கிற வீடியோ கேமரா ஒன்றை வாங்கி, தொம்மலூரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை போட்டான். அதே சூட்டில் மெர்சியைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். மெர்சியின் அண்ணன் அந்தக் கல்யாணத்திலேயே நாலு பேர் எதிரில் கேட்டார்: "மாப்ள, இன்னா தொழிலு உன்னிது? ஊரான் ஊட்டுக் கல்யாணத்துல பூந்து லைட்டு அடிக்கிறதா?" விஜய்குமார் சிரித்து மழுப்பினான். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கல்யாணம் இல்லாத ஒரு படத்தில், ஒரே ஒரு தடவை, சுற்றாமல், விழாமல், ஊராமல், கௌரவமாக நின்று தன் பெயர் வரவேண்டும். அதை மெர்சி பார்க்கவேண்டும். அன்றிலிருந்து அவன் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான்.

தொண்ணூற்றொன்பதில் அதற்கு வழி பிறந்தது. பீன்யாவில் பம்புகளுக்கான இரும்பு வளையங்கள் வார்க்கிற ஒரு கம்பெனிக்கு ஜெனரல் மேனேஜர் கிருஷ்ணப்பா. அவர் மகள் கல்யாணக் கேசட்டில் விஜய்குமார் மாப்பிள்ளையை ஒரு ஆப்பிளுக்குள் வைத்துக் காட்டியிருந்தான். அதில் சொக்கிப்போன மனிதர் கூப்பிட்டனுப்பினார். "நோடி விஜய்குமார், ஜெர்மனில பெரிய எக்ஸிபிஷன். நம்ம கம்பெனி பத்தி பன்னெண்டு நிமிஷம் படம் பேக்கு. நீங்களே மாடிபிடி" என்று பாதிக் கன்னடத்தில் படம் எடுக்கிற வேலையையே தூக்கிக் கொடுத்துவிட்டார். விஜய்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயந்திரத்துக்குள் தொம்மலூர் டீக்கடை, கறிக்கடை, மெர்சியின் சர்ச், அவள் அண்ணன் என்று எல்லோருக்கும் செய்தி போயிற்று. படம் ஜெர்மனிக்குப் போகிறது, படத்தோடு விஜய்குமார் பெயரும் போகிறது.

ஒப்பந்தத்தைக் கொடுத்தவர் கம்பெனியின் சட்ட அதிகாரி சுந்தரேசன். மல்லேஸ்வரத்துக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் மனிதர்களைப் பார்ப்பார். பதினோரு பக்க இங்கிலீஷை நீட்டி, "ஆத்துக்கு எடுத்துண்டு போய் நிதானமாப் படி. ஏதாவது மாத்தணும்னா கேளு, மாத்தலாம். கையெழுத்துப் போட்டப்புறம் வந்து நிக்காதே" என்றார். விஜய்குமார் மாடிப்படியில் நின்றே முதல் பக்கத்தைப் படித்தான். அதில் அவன் முழுப்பெயரைப் போட்டு, இனிமேல் 'தி புரொடியூசர்' என்று அழைக்கப்படுவார் என்று எழுதியிருந்தது. புரொடியூசர்! அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தான். மீதிப் பத்துப் பக்கத்தை ஒரு தடவையும் படிக்கவில்லை. இவ்வளவு மரியாதையாக ஆரம்பிக்கிற காகிதம் பின்னால் போய் நம்மைத் திட்டவா போகிறது என்று நினைத்தானாம். அரைமணியில் திரும்பிப் போய், இரண்டு பிரதிகளிலும் சேர்த்து இருபத்திரண்டு கையெழுத்து போட்டான். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு கோடு, ஒரு புள்ளி.

ஒன்பதாவது ஷரத்தை மட்டும் அவன் பார்க்கும்படி ஆயிற்று. சுந்தரேசனே அதில் சிவப்புப் பென்சிலால் டிக் அடித்திருந்தார். படத்தில் வரும் எல்லா இசைக்கும் செல்லத்தக்க லைசென்ஸை இணைக்கவேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று விஜய்குமார் நினைத்தான். அவனுக்குத் தெரிந்த உலகத்தில் இசை இரண்டே ஜாதி: ஒரிஜினல், டூப்ளிகேட். பிளாட்ஃபாரத்தில் வாங்கினால் டூப்ளிகேட். கடையில் பில் போட்டு வாங்கினால் ஒரிஜினல். கல்யாணங்களுக்கு அவன் பிளாட்ஃபாரச் சரக்கைத்தான் ஓட்டுவான். ஜெர்மனி என்பதால் சிவாஜிநகரில் பெரிய கடைக்குப் போய், வார்த்தை இல்லாமல் வீணையும் வயலினுமாக சினிமா மெட்டுகள் வாசித்த ஒரிஜினல் கேசட்டை வாங்கினான். டேக்ஸ் நம்பரோடு பில் கேட்டு வாங்கினான். அதை ஜெராக்ஸ் எடுத்தான்.

அதோடு விட்டிருந்தால் சாதாரண முட்டாள்தனம். அவன் வெறும் ஜெராக்ஸுக்கு மதிப்பில்லை என்று யோசித்தான். ரேஷன் கார்டிலிருந்து மார்க் ஷீட் வரை எதுவாக இருந்தாலும் கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்து போட்டால்தானே கவர்மெண்டே நம்புகிறது? ஹெப்பாளில் ஒரு கவர்மெண்ட் கால்நடை மருத்துவர் இருந்தார். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தை எடுத்தவன் இவன். அவரிடம் போய், அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததாகப் பச்சை மையில் எழுதி, வட்ட சீல் குத்தி வாங்கிவந்தான். அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, படத்தின் கேசட்டோடு சேர்த்து, திங்கட்கிழமை காலையில் சுந்தரேசன் மேஜையில் வைத்தான். வெள்ளிக்கிழமை படம் கூரியரில் போகவேண்டும்.

சுந்தரேசன் உறையிலிருந்து காகிதத்தை உருவினார். முன்னால் பார்த்தார். திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"மியூசிக் லைசென்ஸ் சார்."

"கேசட் வாங்கின பில்லுன்னா இது."

"ஒரிஜினல் கேசட் சார். அட்டெஸ்டேஷன் கீழ இருக்கு பாருங்க."

சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சீலைப் படித்தார். "மாட்டு டாக்டர்."

"கெஜட்டட் ஆபீசர் சார்" என்றான் விஜய்குமார், கொஞ்சம் ரோஷத்தோடு.

அந்த மனிதர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. பொறுமையாக விளக்கினார். "நீ வாங்கினது கேசட்டை. பாட்டை இல்லை. ஆத்துல உக்காந்து நீ கேக்கலாம், பொண்டாட்டிக்குப் போட்டுக் காட்டலாம். கம்பெனி படத்துக்கு அடியில ஓட்டணும்னா, மெட்டுப் போட்டவாகிட்டயும் ரெக்கார்ட் பண்ணின கம்பெனிகிட்டயும் எழுதி வாங்கணும். அதுதான் லைசென்ஸ். நாளைக்கு ஜெர்மனில எவனாவது இது யார் பாட்டுன்னு கேட்டா யார் பதில் சொல்லணும் தெரியுமா? பதினொண்ணாவது ஷரத்து. நீ." பிறகு காலண்டரைப் பார்த்தார். "வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள்ள உரிமை இருக்கற மியூசிக்கோட வா. இல்லேன்னா மெட்ராஸ்ல ஒரு பார்ட்டி ரெடியா இருக்கா. அவா புதுசா எடுத்துடுவா."

விஜய்குமார் முகத்தில் ஈயாடவில்லை. பீன்யாவிலிருந்து தொம்மலூர் வரை இரண்டு பஸ்ஸிலும் அவன் எடுத்த கல்யாணங்களை எண்ணிக்கொண்டே வந்தான். இருநூறுக்கு மேல் கல்யாணம் எடுத்திருக்கிறான். அத்தனை மாலை மாற்றலுக்கும், அத்தனை அப்பளம் பரிமாறலுக்கும் யாரோ ஒருவருடைய பாட்டை எடுத்து ஓட்டியிருக்கிறான். அதன் மேல் தன் பெயரையும் ஃபோன் நம்பரையும் வேறு போட்டிருக்கிறான்! எந்தத் திருடன் விலாசம் எழுதி வைத்துவிட்டுப் போவான் என்று நினைத்தபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ரெக்கார்டிங் கம்பெனிக்கு ஃபோன் போட்டான். பம்பாய்க்கு லெட்டர் எழுதுங்கள், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அடுத்த வழி, ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிற ரவி. "சொந்த ட்யூன் போட்டுக் குடுடா, உன் காலுல உழறேன்" என்று செவ்வாய்க்கிழமை காலையில் அவனைக் கீபோர்டோடு வீட்டுக்கு இழுத்துவந்தான். மெர்சி அங்கேயே உட்கார்ந்து பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். சினிமாப் பாட்டு விஷயத்தில் மெர்சி ஒரு நடமாடும் ரேடியோ ஸ்டேஷன். முதல் வரி வேண்டாம், முதல் வரிக்கு முன்னால் வருகிற தபேலாவே போதும்.

ரவி கண்ணை மூடி ஒரு ட்யூனை வாசித்தான். மெர்சி தலை நிமிராமல் படத்தின் பெயரைச் சொன்னாள். ரவி இன்னொன்றை வாசித்தான். அதற்கும் சொன்னாள். மூன்றாவதை வாசிக்கும் முன் ரவி, "இது நெஜமாலுமே என்னிது அக்கா, ராத்திரி கனவுல வந்திச்சு" என்றான்.

"கனவுல வந்ததா? நேத்து மத்தியானம் ரேடியோல வந்திச்சுடா" என்றாள் மெர்சி.

ரவி கீபோர்டை உறையில் போட்டான். தப்பு அவன் பேரில் இல்லை. பதினைந்து வருஷமாக அடுத்தவர் பாட்டை வாசித்த விரல், எங்கே வைத்தாலும் தெரிந்த வீட்டுக்குத்தான் போகும். விஜய்குமாருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், பீன்யாவில் எடுத்த மூலக் கேசட்டை டெக்கில் தள்ளிப் போட்டுவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். எடிட்டிங்கில் அவன் முதல் வேலையாகக் கேமராவில் பதிவான சத்தத்தையெல்லாம் அழித்துவிட்டு வீணையை ஏற்றியிருந்தான். மூலத்தில் அந்தச் சத்தங்கள் அப்படியே இருந்தன.

உலைக்களம் ஓடியது. கிருஷ்ணப்பா கைகட்டி நின்றது ஓடியது. பிறகு சோதனைப் பிரிவு வந்தது. அங்கே ஒரு பெண் வளையங்களைக் கொக்கியில் மாட்டிச் சின்னப் பித்தளைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தாள். வார்ப்பில் விரிசல் இல்லையென்றால் வளையம் கோயில் மணி போல நீளமாக ஒலிக்கும். விரிசல் இருந்தால் 'டொக்' என்று செத்துப்போகும். ஐந்து அளவு வளையங்கள், ஐந்து விதமான ஒலி. அவள் இரண்டு தட்டு தட்டி, காது கொடுத்து, மறுபடி ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். கை தானாகவே ஒரு தாளத்தில் ஓடியது. நடுவில் ஒரு 'டொக்' வந்தால் அதையும் தாளத்துக்குள் சேர்த்துக்கொண்டு போனாள்.

மெர்சியின் கத்தி நின்றது. "ஏங்க, இது எந்தப் படம்?"

"எது?"

"இந்தப் பாட்டு. எனக்குத் தெரியலையே."

விஜய்குமார் மெர்சியைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான். பிறகு ரவியைப் பிடித்து உலுக்கினான். மெர்சிக்குத் தெரியாத பாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றால் அது புத்தம் புதிது என்றுதானே அர்த்தம்!

மறுநாள் புதன்கிழமை காலையிலேயே சுந்தரேசன் முன்னால் போய் நின்று, அந்த வளையச் சத்தத்தையே படத்துக்கு இசையாக வைக்கலாமா என்று கேட்டான். "வேலை நேரத்துல அவ தட்டறது சோதனை. அது கம்பெனி வேலை. லஞ்ச் டயத்துல உனக்காக வாசிச்சான்னா அது அவளோட வாசிப்பு. அவகிட்ட கையெழுத்து வாங்கிண்டு வா" என்று அவர் ஒரு பக்கப் படிவத்தைக் கொடுத்தார்.

அந்தப் பெண் பெயர் சம்பூர்ணம். ஆண்டர்சன்பேட்டைக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். "நீங்களும் கேஜிஎஃப்பாண்ணா?" என்று சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் ஐந்து வளையங்களையும் வரிசையாக மாட்டி அரைமணி நேரம் வாசித்தாள். முதலில் வெட்கப்பட்டாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். சுற்றி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் தான் கேமராவில் பிடித்த சத்தத்தை விஜய்குமார் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான்.

வாசித்து முடித்ததும் படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்தும்மா" என்று பேனாவைத் திறந்து கையில் கொடுத்தான். சம்பூர்ணம் பேனாவை மூடி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வரிக்குக் கீழே விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். கேஜிஎஃப் கான்வென்டில் படித்த இங்கிலீஷ், தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடியது.

"இன்னாம்மா, எல்லாத்தையும் படிக்கணுமா?"

"எங்கப்பா ஒரு தபா படிக்காம கையெழுத்து போட்டாருண்ணா. அப்புறம் எங்க ஊட்ல யாரும் அப்பிடி போடறதில்ல." விரல் ஒரு இடத்தில் நின்றது. "எல்லா வாசிப்பும் என்றைக்கும் கம்பெனிக்கேன்னு போட்டுருக்கு. நாளைக்கு எங்க ஊட்ல நான் தட்டுனா அதுவும் கம்பெனிதா?"

விஜய்குமாருக்கு எப்படித் தெரியும்? இரண்டு மாடி ஏறிப் போய்க் கேட்டான். சுந்தரேசன் அந்த வரியில் 'இந்தப் பதிவு மட்டும்' என்று திருத்திக் கொடுத்தார். இறங்கிவந்தான். படத்தை விட்டு வேறு எதற்காவது இதைப் போடுவார்களா என்று அடுத்த கேள்வி. மறுபடி ஏறினான். இரண்டாவது தடவை சுந்தரேசன் முகத்தில் ஒரு வெளிச்சமே வந்துவிட்டது. "பேஷ்! நான் எழுதினதையும் ஒருத்தி படிக்கறா" என்று சந்தோஷமாகத் திருத்தினார். மூச்சிரைக்கக் கீழே வந்தால், மூன்றாவது கேள்வி காத்திருந்தது.

"என் பேரு படத்துல வருமாண்ணா?"

"வரும்மா. நான் போடறேன்."

"எழுதிக் குடுங்க."

மூன்றாவது தடவை ஏறினான். சுந்தரேசன், படத்தின் முடிவில் ஐந்து விநாடி பெயர் வரவேண்டும் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போதுதான், ஒரு பேச்சுக்கு, விஜய்குமார் கேட்டான்: "சார், அதுக்கு முன்னாடி என் பேரு வருமில்ல, அது எவ்ளோ நேரம் நிக்கலாம்?"

சுந்தரேசன் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். ஒப்பந்தத்தை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி வைத்தார். பதினாலாவது ஷரத்து. புரொடியூசரின் பெயரோ கடையின் பெயரோ படத்திலும் அதன் எந்தப் பிரதியிலும் இடம்பெறாது. பக்கத்தின் அடியில் அவன் கையெழுத்து, இரண்டு கோடு, ஒரு புள்ளி.

"மாத்த முடியாதா சார்?"

"அன்னிக்குக் கேட்டிருந்தா ஒரு நிமிஷ வேலை. இப்போ டைரக்டர் கையெழுத்தாகி ஹெட் ஆபீஸ் ஃபைலுக்குப் போயாச்சு" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. "அவ கேட்டா, எழுதினேன். நீ கேக்கவே இல்லையேப்பா."

அந்தப் படிகளில் இறங்கினதுதான் தன் வாழ்க்கையிலேயே ரொம்ப நீளமான பயணம் என்று அவன் சொல்வதுண்டு. இருந்தாலும் வேலையை விடவில்லை. அன்று ராத்திரியும் மறுநாள் சாயந்திரம் வரையும் எடிட்டிங் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, வீணையை எடுத்துவிட்டு வளையங்களைக் கோத்தான். கடைசியில் சம்பூர்ணத்தின் பெயரைச் சுற்றவிடாமல், விழவிடாமல், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நிறுத்தினான். அவன் செய்த டைட்டில்களிலேயே அதுதான் அழகு. மெர்சியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லத் துணியவில்லை.

வெள்ளிக்கிழமை கூரியருக்குக் கொடுக்கும் முன் கேன்டீனில் எல்லோருக்கும் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மெர்சி கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு நிமிஷமும் சம்பூர்ணத்தின் வளையங்கள் ஒலித்தன. முடிவில் 'இசை: சம்பூர்ணம், சோதனைப் பிரிவு' என்று வந்ததும் சோதனைப் பிரிவு பெஞ்சைத் தட்டி விசிலடித்தது. கிருஷ்ணப்பா எழுந்து நின்று கைதட்டினார். திரை நீலமாயிற்று. கூட்டம் கலைந்தது. மெர்சி மட்டும் எழுந்திருக்கவில்லை. இன்னும் பெயர் வரும் என்று நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஜய்குமாருக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

சம்பூர்ணம் இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். "அண்ணா, உங்க பேரு எங்க?"

"நாந்தாம்மா வேணாம்னுட்டேன். படத்தோட அழகு கெட்டுடும்னு…" என்று ஆரம்பித்தான். அவன் பெயர் சுற்றுகிற கதையைக் கேஜிஎஃப்பே அறியும், இதை யார் நம்புவார்கள்? மெர்சி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"படிக்காம போட்டுட்டீங்களா?" என்றாள் சம்பூர்ணம்.

அவன் தலையை ஆட்டினான். மெர்சி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை. ஒரு டம்ளரை வாங்கி அவன் கையில் வைத்து, "குடிங்க, புரொடியூசரு" என்றாள்.

"எங்கப்பாவே தான்" என்று சம்பூர்ணம் சிரித்தாள். சிரித்தாலும் கண் கலங்கியிருந்தது. "அண்ணா, தை மாசம் ஆண்டர்சன்பேட்டையில என் தம்பி கல்யாணம். நீங்கதான் எடுக்கறீங்க. உங்க பேரை எவ்ளோ நேரம் வேணும்னாலும் சுத்த வுடுங்க. மாப்ள மூஞ்சிக்கு மேலயே சுத்துனாலும் எங்க ஊட்ல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

விஜய்குமார் டீயைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்து அவளிடம் நீட்டினான்.

"எழுதிக் குடும்மா" என்றான்.

கேன்டீன் டோக்கனின் பின்பக்கத்தில் சம்பூர்ணம் எழுதிக் கொடுத்தாள். அவன் அதை விரல் வைத்து முழுசாகப் படித்துவிட்டுத்தான் பையில் போட்டுக்கொண்டான்.